தையல் மெஷின் சத்தத்துக்கு வாய் திறந்த குஞ்சு

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தக் கீச்சல் கேட்டது. தையலக்கா மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். கீச்சல் நின்றது.

"இன்னொரு தடவை மிதிங்க அக்கா," என்றாள் டாக்டரம்மா.

மிதித்தாள். மெஷின் கடகடவென்று ஓடியதுதான் தாமதம், பால் கேட்கும் பிள்ளை மாதிரி உள்ளே ஒரே கத்தல்.

டாக்டரம்மாவின் முகம் வாடிப்போனது. அடிபட்ட காட்டு உயிர்களைத் தேற்றித் திரும்ப வெளியே விடும் காப்பகத்தில் அவளுக்கு வேலை. அந்தக் காப்பகத்துக்குப் பழந்துணியில் விரிப்பும் பையும் தைத்துக் கொடுப்பவள் தையலக்கா. கூண்டுகள் நிரம்பி வழிந்தபோது, கூட்டிலிருந்து விழுந்த ஓர் ஆந்தைக் குஞ்சை அவளை நம்பித்தான் ஒப்படைத்திருந்தார்கள்.

"தைச்சு முடிச்சதும்தானே இரை வைக்கிறீங்க?"

"ஆமா. ஒரு ரவிக்கை முடிஞ்சா அதுக்கு ஒரு வாய். மறக்காம இருக்குமேன்னு..."

"அதான். மெஷின் சத்தம்னா சாப்பாடுன்னு பழகிடுச்சு. மனுஷங்களைக் கண்டா அது பயப்படணும் அக்கா. இல்லேன்னா வெளியே விட முடியாது. ஆயுசுக்கும் கூண்டுதான்."

ஆயுசுக்கும் கூண்டு! தையலக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பார்த்துப் பார்த்து ஊட்டிய கையே அதற்கு விலங்கு மாட்டிவிட்டதா? மெஷினை நிறுத்தலாம். ஆனால் கணவர் கண்ணை மூடிய நாளிலிருந்து அவளுக்கும் நாத்தனாருக்கும் சோறு போடுவதே அதுதானே!

நாத்தனார் வாயில் ரகசியம் தங்காது. ஒருமுறையாவது அது நல்லதற்கு ஆயிற்று. மாலைக்குள் எதிர்ச் சலூன்காரர் வாசலில் வந்து நின்றார்.

"மெஷினை என் கடைக்குக் கொண்டாந்துடு தங்கச்சி. ஓரமா இடம் ஒழிச்சிட்டேன்."

"உங்களுக்கு இடைஞ்சல் இல்லையா அண்ணே?"

"என்ன இடைஞ்சல்? எவன் காதையாவது தெரியாம வெட்டிட்டா, பக்கத்துலயே நீ தைச்சுக் குடுத்துடலாம்!"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கே அந்த இரும்புக் கால் மெஷின் தெருவைக் கடந்தது. முன்னால் சலூன்காரர், பின்னால் கறிக்கடைக்காரர், நடுவில் யோசனை சொல்ல மட்டும் நாத்தனார். கறிக்கடைக்காரர் குஞ்சுக்கென்று எலும்போடு பொடியாக நறுக்கிய கறியைத் தினமும் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, குரல்கூடக் கொடுக்காமல் போனார். கோலி விளையாடும் பிள்ளைகள், சத்தம் அதன் காதில் விழக் கூடாதென்று அடுத்த தெருவுக்குப் போனார்கள். அன்பாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். அன்பை அடக்கிக்கொண்டு விலகி நிற்க எத்தனை பேருக்கு வரும்?

தையலக்கா பழுப்புத் துணியில் ஆந்தை முகம் வைத்த கையுறை ஒன்று தைத்தாள். திரைக்குப் பின்னால் மறைந்து நின்று, அந்தக் கையால்தான் இரை கொடுத்தாள்.

"அண்ணி, அந்த முழி அப்படியே எங்கம்மா மாதிரி இருக்கு," என்று கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"மெதுவா பேசுடி, காதுல விழுந்துடப் போகுது."

"யாருக்கு? குஞ்சுக்கா, எங்கம்மாவுக்கா?"

இருவரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

இறகு முற்றிய பிறகு டாக்டரம்மா வந்தாள். அன்றுதான் பரீட்சை. மெஷினைத் திரும்பத் தூக்கி வந்து வைத்தார்கள். தையலக்கா உட்கார்ந்தாள். மிதித்தாள். உள்ளறையில் சத்தமே இல்லை.

"இப்ப உள்ளே போங்க, முகத்தைக் காட்டி."

போனாள். அவளைக் கண்டதும் அது உடலெல்லாம் சிலிர்த்து, இறக்கையை விசிறிபோல விரித்து, அலகை டக் டக்கென்று அடித்துச் சீறியது. அவள் ஓரடி வைத்தாள். பறந்துபோய் எட்டாத மூலையில் ஒண்டிக்கொண்டது.

'செல்லமே' என்று தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினாள். தன்னைக் கண்டு ஓர் உயிர் இப்படி வெறுத்து ஓடியதற்காக எந்தத் தாயாவது ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பாளா? அவள் விட்டாள்.

"ஜெயிச்சுட்டீங்க அக்கா. இன்னிக்கே காட்டோரமா விட்டுடலாம்," என்றாள் டாக்டரம்மா.

"நான் எங்க ஜெயிச்சேன்? இந்தத் தெரு ஜெயிச்சிருக்கு."

வாசலில் தெருவே திரண்டிருந்தது. ஒருவர்கூடக் கை தட்டவில்லை, வாய் திறக்கவில்லை. தையலக்கா அவர்கள் எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினாள். சலூன்காரர் மட்டும் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டதாகச் சைகை காட்டினார்.

துணி போர்த்திய பெட்டியோடு டாக்டரம்மா படியிறங்கினாள். ஒருமுறை தொட்டுப் பார்க்க நீண்ட கையைத் தையலக்கா இழுத்துக்கொண்டாள். பெட்டிக்குள் இருப்பது மிரண்டுவிடக் கூடாதே என்று, தாழ்ப்பாளைக்கூடக் கையில் பிடித்தபடி, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.