இடக்கைக்காரனின் பற்றவைப்பு

ஸ்பேனர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது, மீதிப் பேருக்கு அது தேவைப்படவில்லை. சைக்கிள் பழுதுபார்க்கும் கடையைத் தனியாளாக நடத்தினாள். அதற்கு முன் பதினொரு வருடம் ஒரு ரசாயன ஆலையின் குழாய்ப் பிரிவில் வெல்டர். அங்கிருந்து அவளை அனுப்பியதற்குக் காரணம் வேலையில் குறை அல்ல. பின்னாலிருந்து இடுப்பைத் தொட்ட மேற்பார்வையாளரின் மூக்கை, போட்டிருந்த வெல்டிங் முகமூடியாலேயே முட்டி உடைத்துவிட்டாள்.

"வாய் பேசுறதுக்கு முன்னாடி உனக்குக் கை பேசிடுது" என்பாள் தங்கை.

அந்தத் தங்கைக்கு வலது கண் கிடையாது. ஆலையில் தன்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த ஒருவனைத் தங்கைக்குப் பேசி முடித்தவள் அக்காதான். இடக்கைக்காரன், டைட்டானியம் குழாயை அவனைப்போல் ஒட்டுகிறவன் ஆலையில் வேறு யாரும் இல்லை. "ஆள் சொக்கத் தங்கம்டி" என்று அவளே தங்கையிடம் சொன்னாள். மூன்று வருடம் தங்கை முழுக்கைச் சட்டையே போட்டுத் திரிந்தாள். உறைக்கவில்லை அக்காவுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பீரோ சாவியைக் காணவில்லை என்பதற்காக, கையில் இருந்த பூட்டால் அவன் தங்கையின் முகத்தில் அடித்தான். ஒரு தடவை அல்ல. அக்கா போய்ச் சேர்ந்தபோது தங்கை குளியலறைத் தரையில் கிடந்தாள். கண் இருந்த இடத்தில் கண் இல்லை. அவன் அதற்குள் போய்விட்டான். போலீஸ் தேடியது, அப்புறம் தேடுவதை விட்டது. ஏழு வருடம் ஓடியது.

ஒரு நாள் காலையில் தபால்காரர் ஒரு சைக்கிள் பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். வெறும் பிரேம். சாயம் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, சாம்பல் நிறத்தில் பட்டுப்போல் மின்னியது.

"பழைய சாமான் சந்தையில வாங்கினேன். டைட்டானியம்னு சொன்னான். பேரே இல்ல பாருங்க. எந்தக் கம்பெனின்னு கண்டுபிடிச்சுச் சொன்னீங்கன்னா நம்பி ஏறலாம். பாதி வழியில முறிஞ்சா என் பல்லு போயிடும்."

"இருக்கிறதே நாலு பல்லு" என்றாள் அக்கா. "வச்சுட்டுப் போங்க. சாயங்காலம் சொல்றேன்."

காந்தத்தை வைத்தாள், ஒட்டவில்லை. பெடல் அச்சு போகும் கூட்டின் ஓரத்தைச் சாணைச் சக்கரத்தில் லேசாகத் தொட்டாள். பொறி வெள்ளை வெளேரென்று பறந்தது. டைட்டானியம்தான். கூட்டின் அடியில் கம்பெனிகள் எண் குத்தும் இடம் வழவழவென்று இருந்தது. அழித்த தடமும் இல்லை, யாரும் எண்ணே குத்தவில்லை. பின்சக்கரம் மாட்டும் தகடுகளில் அரத்தின் கோடுகள் தெரிந்தன. இயந்திரம் வெட்டியது அல்ல. காலிப்பரால் குழாயை அளந்தாள். சைக்கிள் செய்கிற யாரும் அந்த அளவில் குழாய் வாங்குவதில்லை. சீட்டுத் தண்டு பொருந்துவதற்காக உள்ளே ஒரு வளையம் கடைந்து சொருகியிருந்தது. அந்த அளவை அவள் வேறொரு இடத்தில் பதினொரு வருடம் பார்த்திருக்கிறாள். ஆலையில் அமிலத்தை ஆறவைக்கும் கலனுக்குள் கட்டுக்கட்டாகப் போகும் குழாய் அது.

கம்பெனி எதுவும் இல்லை, ஒரு ஆள்தான் என்று அவளுக்குப் புரிந்தது. விளக்கைக் கிட்டே இழுத்து வைத்து ஒட்டுகளைப் பார்த்தாள்.

ஒட்டு ஒவ்வொன்றும் வெள்ளிபோல் இருந்தது. ஒட்டும் சூட்டில் காற்றுப் பட்டால் டைட்டானியம் நீலமாகிச் செத்துப்போகும். இதில் ஒரு பொட்டு நீலம் இல்லை. சரிந்த காசுகளை அடுக்கிவைத்தது போன்ற அலைகள். ஆனால் அலைகள் தப்புப் பக்கம் சாய்ந்திருந்தன. வலக்கைக்காரர்கள் இடப்பக்கம் நகர்ந்து ஒட்டுவார்கள். இது வலப்பக்கம் நகர்ந்த கை. ஒட்டு முடியும் ஒவ்வொரு இடத்திலும் அடுத்தடுத்து இரண்டு சின்னப் புள்ளிகள். எல்லோரும் ஒரு புள்ளியில் முடிக்கும் இடத்தில், ஆலையில் ஒருவன் மட்டும் இரண்டு வைப்பான். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பொண்டாட்டிக்கு" என்று சிரிப்பான்.

அக்கா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒட்டின் ஓரங்கள் புதிது. அழுக்கு ஏறவில்லை, வளையத்தில் கடைசல் எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது. ஒரு வருடத்துக்குள் செய்த பிரேம். அவன் உயிரோடு இருக்கிறான், பக்கத்திலேயே இருக்கிறான்.

போலீஸுக்குப் போயிருக்கலாம். தங்கையிடமாவது சொல்லியிருக்கலாம். கடையை இழுத்துப் பூட்டிவிட்டு நேரே சந்தைக்குப் போனாள்.

பிரேம் விற்றவனைத் தேடிப் பிடித்துக் கேட்டாள், அவன் சொல்ல மறுத்தான். "சரக்கு எங்கேர்ந்து வருதுன்னு கேக்குற பழக்கம் இங்க இல்லம்மா. கெளம்பு" என்று தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் அந்தக் கையை முறுக்கி, அவன் முகத்தைப் பழைய சைக்கிள் செயின் குவியலில் வைத்து அழுத்தினாள். கன்னம் கிழிந்து ரத்தமும் கிரீஸும் கலந்து வழிந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், கிட்டே வரவில்லை.

"லேத் பட்டறைச் சந்து! கடைசி ஷெட்டு! விடும்மா, மூச்சு முட்டுது!"

விட்டாள்.

கடைசி ஷெட்டின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். சுவரோரம் நாலைந்து பிரேம்கள், ஆர்கான் வாயு சிலிண்டர், வெல்டிங் மெஷின், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கனமான ஒரு வைஸ். மூலையில் ஒரு பெண் குழாய்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். மணிக்கட்டில் சட்டை விலகிய இடத்தில் தீக்காயம், விரல் நீளத்துக்கு, ஒரே நேர்கோடாக. சூடான வெல்டிங் கம்பியைத் தெரிந்தே வைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும்.

அவன் முகமூடியை மேலே தள்ளினான். தலை நரைத்திருந்தது. சிரித்தான்.

"அக்காவா! வாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு புள்ளி வச்சியேடா."

"நீங்க ஒருத்தர்தான் அதையெல்லாம் பாப்பீங்க." சொல்லிக்கொண்டே வந்து ஷட்டரைக் காலால் மிதித்து இறக்கினான். "அவ எப்படி இருக்கா? கண்ணு வந்துச்சா?"

அவன் கேட்டு முடிக்கவில்லை. அவள் கையில் கிடைத்த குழாய்த் துண்டால் வாயில் அடித்தாள். பல் தெறித்தது. அவன் பின்னால் சாய்ந்து, அதே வேகத்தில் முன்னால் வந்து வெல்டிங் டார்ச்சின் ரப்பர் குழாயை அவள் கழுத்தில் சுற்றி இறுக்கினான். அவளைவிட ஒரு சாண் உயரம், இரண்டு மடங்கு கனம். அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின. கண்ணுக்குள் கறுப்பு ஏறியது. குதிகாலால் அவன் முட்டியை உதைத்தாள். இரண்டாம் உதைக்கு அது மடிந்தது. இருவரும் சேர்ந்து விழுந்தார்கள்.

அவள் எழுந்திருக்கும்போது தோளில் இடி விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. திரும்பினாள். அந்தப் பெண், கையில் மரச் சுத்தியலோடு நின்றாள்.

"அவரை விட்டுடுங்க" என்றாள்.

"அடிடி! தலையில அடி!" என்று அவன் தரையிலிருந்து கத்தினான். "அடிக்கிறியா இல்ல, அப்புறம் நான் உன்னப் பாத்துக்கவா?"

சுத்தியல் ஓங்கியபடியே நின்றது. அந்தப் பெண் அவனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தாள். எறியவில்லை, ஏதோ கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல் மெதுவாக வைத்தாள். போய் ஷட்டரைத் தூக்கினாள், வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவன் எழுந்திருப்பதற்காக இடது கையை வைஸின் திறந்த வாய்க்குள் விட்டுப் பிடித்தான். அக்காவுக்கு ஒரு கைதான் வேலை செய்தது. அது போதுமானதாக இருந்தது. கைப்பிடியைத் தட்டிச் சுழற்றிவிட்டாள், வைஸின் வாய் அவன் மணிக்கட்டைக் கவ்வியது. முதல் சுற்றில் அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். இரண்டாம் சுற்றில் கெஞ்சினான். "அக்கா, தொழில் கைக்கா." மூன்றாம் சுற்றில் பச்சை மரக்கிளை ஒடிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. நாலாம் சுற்றுக்கு அவசியமே இல்லை. ஆனாலும் சுற்றினாள்.

பட்டறைச் சந்தின் ஆட்கள் ஓடி வந்து வைஸைத் தளர்த்தியபோது அவள் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பழைய வழக்கு தூசி தட்டப்பட்டது. அவனுக்கு ஆறு வருடம். அவளுக்குப் பதினாலு மாதம். தீக்காயக்காரப் பெண் கோர்ட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்துக் காட்டினாள்; பிறகு எந்த ஊருக்குப் போனாள் என்று யாருக்கும் தெரியாது. தபால்காரரின் பிரேம் சாட்சிப் பொருளாகி, நம்பர் சீட்டு கட்டப்பட்டு உள்ளே போனது. எண்ணே இல்லாத பிரேமுக்கு ஒரு வழியாக எண் கிடைத்துவிட்டதாக அவர் சொல்லித் திரிந்தார்.

சிறைக்குத் தங்கை ஒரே ஒரு தடவைதான் வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நல்ல கண்ணால் அக்காவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் கேட்டேனா?"

அக்கா முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு வருஷமா அவனை மறந்து தூங்கப் பழகியிருந்தேன். இப்போ கோர்ட்டுல நின்னு மறுபடி எல்லாத்தையும் வாயால சொன்னேன். பூட்டு எந்தக் கையில இருந்துச்சுன்னு வக்கீல் மூணு தடவை கேட்டான். யாருக்காக அவனை அடிச்சே? எனக்காகவா?"

பொய் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அக்கா முதல் தடவையாகக் கைக்கு முன்னால் வாயைத் திறந்தாள்.

"இல்ல. எனக்காகத்தான். அவனை உன்கிட்ட கூட்டிட்டு வந்தது நான். முழுக்கைச் சட்டையைப் பாத்தும் பாக்காம இருந்ததும் நான்."

தங்கை எழுந்தாள். "இதை அன்னைக்கே, குளியலறையிலேயே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடுதலை நாளன்று சிறை கேட்டுக்கு வெளியே யாரும் இருக்கமாட்டார்கள் என்றே அக்கா நினைத்தாள். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் தங்கை முன்பதிவு செய்த இரண்டு டிக்கெட்டோடு நின்றிருந்தாள். இருவரும் பஸ் ஏறினார்கள். தோள் கோணலாகக் கூடியிருந்ததால் அக்காவால் பையை மேல் தட்டில் வைக்க முடியவில்லை. தங்கை அதைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, இறங்கும் வரை அழுதுகொண்டே வந்தாள்.