அடுப்பின் மூன்றாவது செங்கல்

எனக்கு ஏசுதாஸ் என்று பெயர் வைத்த சாமியார், கொஞ்சம் புத்தியையும் சேர்த்து வைத்திருக்கலாம்.

பெருநகர் என்ற கிராமத்தில், சடையப்பன் என்ற நிலக்காரரின் களத்து மேட்டில் எங்கள் குடிசை இருந்தது. நிலம் அவருடையது, கூரை என்னுடையது. ஐம்பத்தொன்பதாம் வருஷ அறுவடையில் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "கூரையத் தூக்கிக்கினு போ" என்றார். ஊருக்கே நியாயம் கேட்கப் போனவன், மூங்கிலையும் கீற்றையும் தலையில் வைத்துக்கொண்டு உத்திரமேரூர் வந்து சேர்ந்தேன். பின்னால் மசக்கை வாந்தியோடு என் மனைவி மேரி. அவள் கூடையில் அடுப்புக்கு மூன்று செங்கல்.

கடைத்தெரு முடிகிற இடத்தில் புறம்போக்கு ஒன்று கிடந்தது. செங்கேணி அக்கா அங்கே ஏற்கெனவே குடிசை போட்டிருந்தாள். அவளைப் பார்த்து நாங்கள், எங்களைப் பார்த்து இன்னொருவன், அவனைப் பார்த்து அவன் மச்சான். ஏரி வறண்ட வருஷம் வேறு. ஆடி பிறப்பதற்குள் குடிசைகள் நீண்டு, மளிகைக் கடை பாண்டுரங்கன் வீட்டுச் சுவரை முட்டிவிட்டன. நேற்று வந்த நான், இன்று வருகிறவனிடம் "இனிமே எடம் இல்லப்பா" என்று சொல்லும் பெரிய மனிதனாகியிருந்தேன்.

பாண்டுரங்கன் கெட்டவரில்லை. மூட்டை தூக்க எங்களைத்தான் கூப்பிடுவார். ஆனால் அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எங்கள் அடுப்புப் புகை. ஒருநாள் தெருக்காரர்களோடு வந்தார். "ஞாயித்துக்கெழமக்குள்ள காலி பண்ணுங்கடா. இல்லன்னா பிரிச்சிப் போட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேரிக்கு அப்போது ஆறு மாதம். ஐப்பசியில் பிள்ளை, ஐப்பசியில்தான் மழையும். அதுவரை ஒழுகாத கூரை ஒன்று வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

அப்போது என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஆகும். அடுப்பிலிருந்து ஒரு செங்கல்லை உருவிக் கழுவினேன்.

"இன்னாய்யா பண்ற? சோத்துப் பானைய எது மேல வெக்கறது?" என்றாள் மேரி.

"சும்மா இருமே. மாரியாத்தா வந்துக்கினு கீறா."

"மாதா கோயிலுக்கே ஒயுங்கா வரமாட்ட. ஒனக்கு மாரியாத்தா கேக்குதா?"

வேப்பமரத்தடியில் செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தேன். மேரியை விட்டால் விஷயம் செங்கேணி அக்காவுக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு ஆட்கள் வந்ததும், அவள் தலையை விரித்துப் போட்டு ஆடத் தொடங்கினாள். நாங்கள் பேசி வைத்ததில் ஆட்டம் கிடையாது. கடப்பாரை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்கே பயம் வந்து நானும் போட்டுக்கொண்டேன்.

குடிசைகள் தப்பின. என் மூளையை மெச்சிக்கொண்டு நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பாண்டுரங்கன் மனைவி சுலோச்சனா, பிள்ளையின் காய்ச்சலுக்கு அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கியது. அதன்பிறகு அம்மனைக் கையில் பிடிக்க முடியவில்லை. கூழ் ஊற்றினார்கள், மேலே ஓடு போட்டார்கள், சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். அதற்கு மண் குழைத்துச் சுமந்தது நான்தான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் சுமந்தேன். சுவர் எங்கள் குடிசைக்கு நேராகத் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது.

புரட்டாசிக் கடைசியில் பாண்டுரங்கன் வந்தார். இந்தத் தடவை 'டா' போடவில்லை. அதிலேயே நான் பயந்திருக்க வேண்டும்.

"ஏசுதாசு, அம்மன் கீற எடம்பா. இங்க கருவாடு சுட்டுக்கினு, புள்ள பெத்துக்கினு இருந்தா நல்லாவா கீது? நீயே சொல்லு."

அது எங்கள் அடுப்புக் கல் என்று சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள். செங்கேணி அக்கா மறுபடி ஆடுவாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "சாமி எடத்துல நாம இருக்கக் கூடாது ஏசுதாசு" என்றாள். அவளுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது.

ஏரிக்கரைக்குப் போனோம். பழைய கீற்றில் பாதி தேறவில்லை. ஐப்பசி மழையில் மேரிக்கு வலி எடுத்தது. நான் ஓலைப் பாயை அவள் மேல் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றேன். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அழுதேன்.

மழை விட்டதும் கஞ்சி காய்ச்சப் பார்த்தேன். இத்தனை நாள் மூன்றாவது கல்லாக முட்டுக் கொடுத்திருந்த மண்கட்டி மழையில் கரைந்துபோயிருந்தது. இரண்டு செங்கல்லில் பானை நிற்கவில்லை. "போயி நம்ம கல்லக் கேட்டு வாங்கிக்கினு வா" என்றாள் மேரி. போனேன். சுவருக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். பூசாரி எட்டி நின்று என் கையில் குங்குமத்தைப் போட்டார். உள்ளே எங்கள் கல், பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு நனையாமல் இருந்தது.

"இன்னா, தரலியா?" என்றாள் மேரி.

"அதுக்கு வூடு கெடச்சிப்போச்சிமே. நாம கூப்ட்டா வருமா?"

அவள் சிரிக்கவில்லை. ஈரத்துணியில் சுருண்டிருந்த பிள்ளையை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் எழுந்து கரையோரமாகப் போய்க் கல் தேடினேன். இந்தத் தடவை, யாருக்கும் கும்பிடத் தோன்றாத கோணல் கல்லாகப் பார்த்து எடுத்துவந்தேன்.