ஜவ்தத் போட்ட இரண்டு கணக்கு

பஸ்ராவில் எங்கள் கட்டட அலுவலகத்தில் ஜவ்தத் பைல் கணக்குப் போடுபவர்; பைல் என்றால் கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண். நான் அதற்குப் படம் வரைபவன். இருபது வருடமாக அவர் கணக்கில் யாரும் பிழை கண்டதில்லை. அந்தத் தலைக்கனமும் அவருக்கு உண்டு.

இங்கே மண் ஆற்றுக் களிமண். தனியாக ஒரு பைல் நாற்பது டன் தாங்கும். பதினாறைப் பக்கம் பக்கமாக இறக்கினால் ஆளுக்கு முப்பதுகூடத் தேறாது. எல்லாம் ஒரே மண்ணைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சும்மா எண்ணிப் பெருக்கிக்கொண்டு வரும் காண்டிராக்டர்களை அவர் விரட்டுவார்: "ஒரு போர்வைக்குள்ள ஒருத்தன் படுக்கிறதும் பதினாறு பேர் படுக்கிறதும் ஒண்ணாய்யா?"

அவருடைய விதவை அக்கா நஜீபா நகையை விற்றுக் கட்டிய வீட்டுக்கும் அவர்தான் கணக்கு, பதினாறு பைல். ஆறு வருடம் ஒரு கீறல் இல்லை. பிறகு ஒருவர் பக்கத்து மனையில் ஆறு மாடி எழுப்ப வந்தார். "என் தம்பிகிட்டயே குடுங்க" என்று நஜீபாவே பெருமையாக அனுப்பிவைத்தாள். ஜவ்தத் புதுத் தாளில் முப்பது பைல் போட்டார். கணக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. மதிலோடு படத்தை நிறுத்தினேன். அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆறு மாடியும் எழும்பிய வருடம், நஜீபாவின் சமையலறைக் கதவு மூட மறுத்தது. ஜவ்தத் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். என்னிடம் இரண்டு வீட்டுப் படங்களையும் வாங்கித் தரையில் பக்கம் பக்கமாகச் சேர்த்து விரித்தார். நாற்பத்தாறு பைல், ஒரே மண். பென்சிலை எடுத்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"அக்கா, தப்பு என்மேல."

"போடா. கதவு ஈரத்துல உப்பியிருக்கு. தச்சனை வரச் சொல்லியிருக்கேன்."

"கதவு நல்லாத்தான் இருக்கு. வீடுதான் அந்தப் பக்கம் சாயுது."

நஜீபா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "அப்ப இன்னும் நாலு பைல் போடேன். பெரிய கணக்குப் புலியாச்சே."

"அதையும் இதே மண்ணுலதானே போடணும்?"

"அவனோடதைப் பிடுங்கச் சொல்லு."

"அதுமேல ஆறு மாடி நிக்குதுக்கா."

"எத்தனை வருஷம் தாங்கும்? அதையாவது சொல்லு."

எதற்கும் ஓர் எண் சொல்லாமல் விடாத மனிதர், தாள்களை மடித்தார்.

அதற்குள் தச்சன் வந்துவிட்டான். சாய்ந்த சட்டத்துக்குப் பொருந்தும்படி நேரான கதவைக் கோணலாக இழைத்தான். அது முடியும்வரை ஜவ்தத் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.