செருப்பில்லாமல் கிளம்ப முடியாத முனிவர்

இன்று ஞாயிறு, மார்கழி இருபத்தேழு. பகடை உருட்டிக் கதை நடத்தும் எங்கள் விளையாட்டில், என் கதாபாத்திரமான முனிவர் மலையை வலம் வர வேண்டியிருந்தது.

அவருடைய உடைமைகளைக் கணினியில் பதிந்தேன். காலணிக்கான கட்டத்தைக் காலியாக விட்டதால், கணினி அவரை ஆட்டத்தில் சேர்க்க மறுத்தது.

"செருப்பு இல்லன்னா பயணம் போவ முடியாது சார். ரூல்," என்றார் ஆட்டத்தை நடத்தும் பாஷா.

"செருப்போட கிரிவலம் போறது எந்த ஊர் ரூல், பாய்?"

சற்று யோசித்தார். "செருப்புன்னு போட்டே சேவ் பண்ணுங்க. கோபுர வாசல்ல வுட்டுட்டுப் போங்க. ஆனா திருடு போச்சானு பகடை உருட்டுவேன்."

உருட்டினார். செருப்பு போய்விட்டது.

கிளம்பிய பிறகு தொலைந்தால் கணினி தடுப்பதில்லையாம். முனிவர் விதிப்படியே வெறுங்காலுடன் நடந்தார்.

கோயில் வாசலில் செருப்பு தொலைந்து நிம்மதியடைந்தவர்கள் உங்களில் வேறு யாரேனும் உண்டா?