பத்தாவது மணி

நெல்லித்தோப்பில் பிலோமினா அக்காவின் சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சவப்பெட்டிமேல் விரித்திருக்கும் வெள்ளைத் துணியிலிருந்து கஞ்சி வாசனை வருகிறது. அது என்னைச் சும்மா விடுமா?

என் சின்ன வயதில் கோயில் பீடத்துணிகளை அம்மாதான் துவைத்து, கஞ்சி போட்டுக் கொடுப்பாள். வீடே சோறு வடித்த வாசனையாக இருக்கும். ஒருநாள் பீடத்துக்கென்று பிரான்சிலிருந்து வந்த லேஸ் துணியைக் காணோம். பூசை முடிந்து எல்லாரும் நிற்கையில், "வேற யாரு எடுத்திருப்பா? தொவைக்கிறவதான்!" என்றாள் பிலோமினா அக்கா. அந்த வேலை அன்றோடு அம்மாவின் கையைவிட்டுப் போயிற்று. தெருக்குழாயடியில் ஒருத்தி என்னிடமே கேட்டாள்: "ஏன்டி, உங்கம்மா உனக்கு லேஸ் கவுன் தச்சாச்சா?"

அன்று சாயங்காலமே அம்மா ஒரு வழக்கம் வைத்தாள். பத்துப் பத்து மணியாகச் சொல்லும் செபமாலையில், ஒவ்வொரு பத்தாவது மணியும் பிலோமினாவுக்கு.

"அவங்களுக்கா? பொய் சொன்னாங்கம்மா!"

"பொய்யின்னு ஆண்டவருக்குத் தெரியும்டி. அவளுக்குத்தான் தெரியல, அதுக்குத்தான் வேண்டுறேன். வாயத் தெறந்து சொல்லு."

நான் உதட்டை மட்டும் அசைப்பேன். அம்மா கண்டுபிடித்துத் தொடையில் கிள்ளுவாள்.

பல மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குள் அந்தத் துணி கிடைத்தது. யாரும் அம்மாவிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் சாகும்வரை அந்தப் பத்தாவது மணியை விடவில்லை.

இப்போது பெட்டியைச் சுற்றி எல்லாரும் செபமாலை சொல்கிறார்கள். பத்தாவது மணி வந்தது. என் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கிள்ளுவதற்கு அம்மா இல்லை.