கறுப்புக் கோட்டும் ஐந்து நிமிட நுரையும்

ஊட்டியை ஒட்டிய ஃபெர்ன்ஹில்லில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை கிடைத்தபோது, சீருடையாகக் கறுப்புக் கோட்டு கொடுத்தார்கள். என் தலையிலோ பொடுகு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த மூன்று மாதமும் எங்கள் குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, எழாமலே கிடந்த காலம் அது. என் கணவர் ஒரு தேயிலை ஆலையில் டீ மேக்கர். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையாவது வரை அவர் பொறுப்பு. பறிகூலிக்கே கட்டவில்லை என்று பலர் தோட்டத்தைக் காடாக விட்டுவிட்டார்கள். கொழுந்து வராத ஆலை முதலில் வாரத்தில் பாதி நாள் நின்றது, பிறகு முழுதாகவே நின்றது. ஆலை குவார்ட்டர்ஸில் மட்டும் இருந்துகொள்ளச் சொன்னார்கள். ஆக, வீட்டுக்கு வருமானம் என் வேலை ஒன்றுதான். அதுவும் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

சேர்ந்த சில நாளிலேயே மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். அதனால் அவர் சொன்னது இன்னும் நன்றாக உறைத்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சாவி வாங்க வர்றவங்க உங்க முகத்தப் பாக்கறதில்ல, தோளைத்தான் பாக்கறாங்க. மூணு மாசத்துக்குள்ள சரி பண்ணிக்குங்க. உள்ள எங்கயாவது மாத்திப் போடலாம்னா, உள்ளயும் எடம் இல்லீங்க."

அன்று மாலை கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அரிசி மாவு சலித்த இடம்போல் இருந்தது தோள்.

என் கணவருக்கு இதில் சந்தேகமே இல்லை. மலைக் குளிரில் குதிகால் வெடிக்கிறது, உதடு வெடிக்கிறது, தலையும் அப்படித்தான் வறண்டு உதிர்கிறது என்றார். நானும் நம்பினேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லா வீட்டிலும் அதைத்தான் நம்பினார்கள். உறைந்து கிடக்கும் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கித் தினமும் அவரே தேய்த்துவிட்டார்.

"போதுமுங்க, காதுல வழியுது."

"வழியட்டும் அம்மிணி. காஞ்ச தலை, குடிக்கட்டும்."

குடித்தது. ஆனால் பொடுகு குறையவில்லை. முன்பு தூளாக உதிர்ந்தது இப்போது மஞ்சள் பாரித்து, பிசுபிசுத்து, அரிப்போடு வந்தது. எதையும் அளந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரு கறுப்புத் துணியை மடியில் விரித்து, தினம் மாலை ஒரே மாதிரி தலையை வாரி, விழுவதைப் பார்ப்பேன். எலுமிச்சம்பழம் தேய்த்த வாரம் எரிச்சல் கூடியது. தயிர் தேய்த்த வாரம் சளி பிடித்தது. துணி வெளுத்தபடியேதான் இருந்தது.

கடைசியில் ஊட்டியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். நடுவயதுப் பெண்மணி. வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார்.

"எண்ணெய் வெக்கறதுண்டா?"

"தினமும் வெக்கறேனுங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப தினமும் சோறு போடறீங்க."

"யாருக்குங்க?"

"தலைல குடியிருக்கறவங்களுக்கு."

எல்லோர் தலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை இருக்கிறதாம். தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசைதான் அதற்கு உணவு. பலருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. சிலர் தோலுக்கு மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சல்பட்டு, அவசர அவசரமாக உரிந்து தள்ளுகிறது. அதுதான் பொடுகு. என்னுடையது வறட்சி இல்லை, அழுக்கும் இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதும் இல்லை. குளிரும் மனக்கவலையும் அதைக் கூட்டும். அடியோடு ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம். மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்து, வாரம் இரண்டு முறை போடச் சொன்னார், எண்ணெயை நிறுத்தச் சொன்னார்.

சேரிங்கிராஸில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரி யார் என்றே தெரியாமல், அதற்கு விருந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். புதனும் ஞாயிறும் என்று நாள் குறித்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டாவது மாதம் முடியும்போதும் கறுப்புத் துணி பெரிதாக மாறவில்லை. மேனேஜர் ஒன்றும் சொல்வதில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது அவர் நடை மட்டும் லேசாகத் தயங்கும். மறுபடி டாக்டரிடம் ஓடினேன்.

"நுரையத் தலைல எவ்வளவு நேரம் விடறீங்க?"

"விடறதுங்களா? ஊட்டிக் குளிருல தல நனஞ்சா, எப்படா தொடைப்போம்னு இருக்குமுங்க. போட்ட கையோட அலசிருவேன்."

டாக்டர் சிரித்தே விட்டார். "இந்த ஊர்ல எல்லாரும் இதேதான் சொல்றாங்க. மருந்து தோல்ல நின்னாத்தானேம்மா வேலை செய்யும்? அஞ்சு நிமிஷம் இருக்கணும். அப்புறம் அலசுங்க."

எங்கள் குளியலறை வீட்டுக்கு வெளியே, தகரக் கூரையின் கீழ் இருந்தது. அங்கே ஈரத் தலையோடு ஐந்து நிமிடம் நிற்பது ஆகிற காரியமா? வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். நின்றுபோன ஆலையில் யாரோ சுவிட்சைப் போட்டதுபோல அவர் முகம் மாறியது.

"அட, இது எங்க ஆலை வேலை மாதிரியேதான் இருக்குது! எலைய அரைச்சுப் பரப்பி வெச்சா, சும்மா கெடக்கற மாதிரித்தான் தெரியும். அப்பத்தான் அது புளிச்சு நெறம் ஏறும். அவசரப்பட்டு டிரையருக்குத் தள்ளுனா டீ பச்சை வாடை அடிக்கும். நீ இத்தன நாளும் பச்சையாவே அலசிட்டு இருந்திருக்கற."

அடுத்த புதனிலிருந்து தலை அலசும் பொறுப்பு அவருடையது. குளியலறை வேண்டாம், சமையலறையில் விறகடுப்புப் பக்கத்தில் முக்காலி போட்டார். எதிரே பெரிய பேசின், அடுப்பில் கொதிநீர், தோளில் கம்பளி. குனிந்து உட்கார்ந்த என் தலையில் ஷாம்புவைத் தேய்த்துவிட்டு, கையில் கடிகாரத்தோடு எதிரில் நின்றார்.

"ஆச்சுங்களா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம். தலைய ஆட்டாத."

"கண்ணு எரியுதுங்க."

"மூடிக்க. இப்ப யாரை மொறைக்கப் போற?"

நுரை காதில் இறங்க நான் சிரித்தேன். ஆலை நின்ற பிறகு அவர் இவ்வளவு மும்முரமாக எதையும் செய்து நான் பார்க்கவில்லை. அலசிய பிறகு அடுப்புச் சூட்டில் தலையைக் காயவைக்கும்வரை குல்லா போட விடமாட்டார். எண்ணெய்ப் பாட்டிலை அவராகவே பரணில் ஏற்றிவிட்டார்.

முதலில் அரிப்பு அடங்கியது. பிறகு ஒரு மாலை, வாரி முடித்துத் துணியைப் பார்த்தேன். விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து மறுபடி பார்த்தேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அடுப்படியிலிருந்த அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

"துணியத் தொவைச்சுட்டியா?" என்றார்.

"இல்லீங்க. தலைதான்."

மூன்றாம் மாதத்தின் கடைசி நாள் மேனேஜர் மேசைக்கு வந்தார். பேனா ஒன்றைத் தேடுவதுபோல் என் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சீசனுக்கு நல்ல கூட்டம் வரும் மேடம். காலை ஷிப்ட் உங்களுக்குத்தான். ஆர்டரை ஆபீஸ்ல வாங்கிக்குங்க."

பஸ் நிறுத்தத்தில் என் கணவர் நின்றிருந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"நெரந்தரமுங்க" என்றேன்.

அவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார். இருவரும் ஏற்றத்தில் நடந்தோம். எனக்கு ஓடவேண்டும்போல் இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் தலைக்கு லீவு விட்டுரலாமுங்களா?"

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? அடங்கும், ஒழியாதுன்னாங்களா இல்லியா? இன்னிக்குப் புதன்கெழம" என்றார். "வெந்நி கொதிக்குது. வெரசா நட."