பெட்டி மூடிக்குள் இருந்த அறை

எண்பத்திரண்டாம் வருடம், கோடை முடிகிற சமயம். ஒரு பள்ளிக்கூட வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று திருவண்ணாமலையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போயிருந்தேன். துணைக்கு நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பி.ஏ. முடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நைனா தேரடித் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். நான் காலேஜில் சேர்ந்த வருடம், அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன பத்திரிகையை, நீதான் எல்லாம் படிப்பியே என்று கொண்டுவந்து கொடுத்தார். அது பிரெஞ்சு. ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் நடுப்பக்கத்தில் ஒரு சாப்பாட்டு அறையின் படம் இருந்தது. மஞ்சள் சுவர், ஆள் உயரக் கண்ணாடி, தரை வரை தொங்கும் வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தி. நாற்காலிகள் எல்லாம் காலி.

அந்தப் பக்கத்தை வெட்டி என் தகரப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்தேன். துணி எடுக்கத் திறக்கும்போதெல்லாம், அந்த நாற்காலிகளில் யார் வந்து உட்காருவார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். ஒரே ஒரு முறை நான் உட்கார வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

தேர்வு முடிந்து கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் நடந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நைனா ஒரு ஜன்னல் முன்னால் நின்றார்.

"பாப்பா, உன் பெட்டியில ஒட்டி வெச்சிருக்கியே, அந்த ரூமு இதானே?"

அது அந்த அறை இல்லை. ஆனால் அதன் கூடப்பிறந்தது. வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால், அப்புறம் அந்தப் படத்தை என்னால் பார்க்க முடியாது என்று பயம். அதற்குள் நைனா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

யாரும் தடுக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு மேஜையைக் காட்டினார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. எட்டாத உயரத்தில் கூரை, அங்கிருந்து அவசரமே இல்லாமல் சுற்றும் மின்விசிறி. தாமரை மொட்டு மாதிரி மடித்துவைத்த கைத்துண்டுகள். அத்தனை பேர் இருந்தும் கரண்டி தட்டில் படும் சத்தம்தான் கேட்டது.

"ஏம்மா, இவ்ளோ பெரிய ஓட்டலு, ஒரு டியூப் லைட்டு போட முடியாதா?" என்றார் நைனா, அவரும் கிசுகிசுப்பாக.

மெனு கார்டை என்னிடம் தள்ளிப் படிக்கச் சொன்னார். அதுவும் பிரெஞ்சு. எழுத்தெல்லாம் தெரிந்தது, வார்த்தை ஒன்றும் தெரியவில்லை. சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப இங்க நீயும் நானும் ஒண்ணு."

குத்துமதிப்பாக ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். வெண்ணெய் மணக்க ஆம்லெட்டும் ரொட்டியும் வந்தன. சாப்பிட்டபடி நிமிர்ந்தபோது எதிர்ச் சுவர்க் கண்ணாடி கண்ணில் பட்டது. மஞ்சள் சுவர், வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, அதன் இரண்டு பக்கமும் நானும் நைனாவும். என் படத்துக்கு ஆள் வந்துவிட்டது.

அப்போதுதான் ஜன்னல் வழியாகக் கடல் காற்று வீசியது. எங்கள் மெழுகுவத்தி அணைந்தது.

சாப்பிடும்போது விளக்கு அணைந்தால், மறுபடி ஏற்றும் வரை கையால் தட்டை மூடிக்கொண்டு காத்திருப்பது எங்கள் வழக்கம். நைனாவின் கை தட்டின் மேல் போனது. அவ்வளவு நேரம் பக்கத்து மேஜைகளைப் பார்த்து முள்கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த என் கையும், என்னைக் கேட்காமலே அதைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை மூடிக்கொண்டது.

சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்துப் பரிமாறுபவர் தட்டை எடுக்க வந்தார். நைனா விடவில்லை. "வெளக்கு போச்சுங்க" என்றார். சுவரில்தான் விளக்கு எரிகிறதே என்று அவர் விழித்தார். தலைகள் திரும்பின. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் கையை எடுக்க வரவில்லை.

பக்கத்து மேஜையில் தனியாக இருந்த வயதான வெள்ளைக்கார அம்மாள் எழுந்தார். தன் மெழுகுவத்தியை எடுத்து, காற்றுக்கு உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நம் பெண்கள் கோயிலுக்கு விளக்கு கொண்டுபோவது போல மெல்ல நடந்து வந்து எங்களுடையதை ஏற்றினார்.

"இப்ப சாப்பிடுங்க" என்றார், தமிழில். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல் நாங்கள் சாப்பிட்டோம்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது திருவண்ணாமலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். பாண்டிச்சேரிக்கு மறுபடி போக வாய்க்கவில்லை. பெட்டி மூடியில் படம் வெளுத்து, மஞ்சள் எது வெள்ளை எது என்று தெரியாமல் இருக்கிறது.

இங்கே சாப்பிடுகிற நேரத்தில்தான் கரண்ட் போகும். அம்மா சிம்னி விளக்கைத் தேடிப் போவார். நானும் நைனாவும் தட்டை மூடிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்போம். "அந்த வெள்ளக்காரம்மா இப்ப எங்க இருக்கறாங்களோ" என்பார் நைனா. நானோ, விளக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று நினைத்துக்கொள்வேன்; கை தட்டின் மேல் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் எதிரே அந்தக் கண்ணாடி இருக்கிறது, அதற்குள் நாங்கள் இருவரும் இருக்கிறோம்.